வெறும் எடை

பழக்குலை ஏற்றி லோரி வரும்.
மேடையில் நிற்கும். மொத்த எடை எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும். வெறும் எடை எழுதுவேன்.
கழித்தால் வருவது சரக்கு.
கோலக்கெட்டில் செம்பனை ஆலையில்
பதினோரு வருஷமாய் இவ்வளவுதான் என் வேலை.

கொட்டாமலே ஒரு லோரி இலேசானால்
கேட்டை மூடச் சொல்வேன்.
வழியில் ஏதோ நடந்திருக்கிறது.
இந்தக் கணக்கை ஒரு மனுஷனுக்குப் போட
எனக்கு ஏன் ஒரு வாரம் ஆனது?

சன்னாசி ஆடி மாதம் முழுக்கக் கனத்துக் கிடந்தான்.
மனைவி மகளோடு தாய்வீடு போயிருந்தாள்.
ஆலோங் ஆட்கள் கதவில் ஊற்றிய சிவப்புச் சாயம்
வாசற்படி வரை வழிந்து காய்ந்திருந்தது.
பசியாறினியா என்றால்
பொட்டலத்தைப் பிரிக்காமலே
ஆச்சு என்பான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை
சிரித்தான்.
ஆ செங் கடையில் பழைய பாக்கி நாற்பது வெள்ளியை அடைத்தான்.
மெர்போக் குருவியைக் கூண்டோடு
காவலுக்கு நிற்கும் நேப்பாளி தாபாவிடம் கொடுத்தான்.
மழைக்கோட்டை மடித்து என் மேசையில் வைத்தான்.
"வச்சுக்க கிளார்க்கு, எனக்கு இனி எதுக்கு."
பேருக்கேத்த மாதிரி ஆயிட்டாண்டா என்று
கேண்டீனே சிரித்தது.
நானும் சிரித்தேன்.
அதை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்குப் பொய்.

அன்று இரவு, கடைசி நடை.
சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.
கேட்டால் அந்த நினைப்பை
நாமே ஊன்றியதாகிவிடும் என்றுதான்
எங்கள் லயத்தில் எல்லாரும் சொல்வார்கள்.
சுற்றி வளைக்க வார்த்தைகளும் நிறைய இருந்தன.

"சன்னாசி, செத்துப்போகணும்னு நினைக்கிறியா?"

பின்னால் இரண்டு லோரி ஹாரன் அடித்தன.
அவன் என்ஜினை அணைத்தான்.
"உனக்கு எப்படித் தெரியும்?"
அழுதான் என்று எழுத ஆசைதான்.
அழவில்லை. தண்ணி கேட்டான்.

மகளை நினைச்சுப் பாரு என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
நினைத்துப் பார்க்காமலா இங்கே வந்து நிற்கிறான்.
எப்படி, எப்போது என்று கேட்டேன். சொன்னான்.
பாலிங்கிலிருந்து அக்காள் புஷ்பராணி
நடுராத்திரி மோட்டாரில் வந்து
அவன் வீட்டிலிருந்த அந்தப் பொருளை எடுத்துப்போனாள்.
அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன்.
விடியும்வரை எடையறையில் மூன்று நாற்காலி.
பாதி நேரம் காற்பந்துப் பேச்சு.

காலையில் அரசாங்கக் கிளினிக்.
எங்கள் எண் நாற்பத்தேழு.
இருமுறை எழுந்து போகப் பார்த்தான்.
இருமுறையும் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.
டாக்டர் ஹபீசாவிடம் மலாயில் இரண்டு வார்த்தை சொன்னான்,
மீதியைத் தமிழில்.
தாதி மொழிபெயர்த்தாள், சில இடங்களில் நிறுத்தி நிறுத்தி.
சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம்.
ராத்திரியில் கூப்பிட ஒரு எண், துண்டுத்தாளில்.

நன்றி சொல்வான் என்று நினைத்தேன்.
இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
மாத்திரை வாயைக் காயவைக்கிறது என்று
ஊரெல்லாம் திட்டினான்.
கடன் அப்படியே இருக்கிறது.
சாயத்தில் பாதிதான் சுரண்ட முடிந்தது.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம், நல்ல மழை.
லோரியிலிருந்து தலையை நீட்டி,
"என் கோட்டு எங்க?" என்றான்.
குருவியைத் திருப்பித் தர முடியாது என்று
தாபா ஒற்றைக்காலில் நின்றான்.
கேட்டருகே இருவரும் போட்ட சண்டையை
ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன்.
இன்னும் கனமாகத்தான் வருகிறான்.
கனம் இருக்கட்டும்,
கொட்ட ஓர் இடம் இருக்கிறது.

அந்தத் துண்டுத்தாளை அன்றே
இரண்டு பிரதி எடுத்திருந்தேன்.
ஒன்று எடையறைச் சுவரில்.
மற்றது என் பர்சில், தம்பி படத்துக்குப் பின்னால்.
யாரும் அவனைக் கேட்காத வருஷம் அது,
நானும் கேட்காத வருஷம்.

நேற்று ராத்திரி லோரி எதுவும் வரவில்லை.
கூப்பிட்டேன்.
"சொல்லுங்க," என்றது ஒரு பெண்குரல், அவசரமில்லாமல்.
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
மழைக்கோட்டிலிருந்து தொடங்கினேன்.