கெண்டை புரண்ட காலை

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆற்றுக்குத் தண்ணீர் கிடையாது.
மணல்தான் ஆறு.
பாலம் உண்டு, கரை உண்டு,
வெள்ள எச்சரிக்கைப் பலகைகூட உண்டு.

ஜனவரி. காலை ஆறே கால்.
முப்பத்தொரு டிகிரி என்கிறது கைக்கடிகாரம்.
இரவுப் பணி முடித்துக்
காலணி மாற்றிக்கொண்டு ஓடுகிறேன்.
பைத்தியமா உனக்கு என்று கேட்ட டெண்டாய்
பத்தடி பின்னால் ஓடி வருகிறாள்.
ஹராரேக்காரி. எலும்பு முறிவு வார்டு.
ஓட்டத்தில் என்னைவிட மோசம்,
பேச்சுக்கு மட்டும் மூச்சு வாங்காது.

முதல் கிலோமீட்டரில் சூடு நல்ல சூடு.
குளிரூட்டிய வார்டில் பத்து மணி நேரம்
விறைத்துக் கிடந்த தொடை
வெண்ணெய்போல் இளகுகிறது.
நெட்டி முறிக்காமலே முதுகு நிமிர்கிறது.

மூன்றாவதில் அது கணக்குக் கேட்கும்.
உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் ரத்தம்.
எனக்கு அனுப்பு, நான் ஆற வேண்டும் என்கிறது தோல்.
எனக்கு அனுப்பு, நான் ஓட வேண்டும் என்கிறது தசை.
மாதக் கடைசிச் சம்பளம்போல்
இருப்பதைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கிறது இதயம்,
வேகமாக, இன்னும் வேகமாக,
இருவருக்கும் போதவில்லை.

வியர்த்ததாகவே தெரியாது.
இந்த ஊர்க் காற்று
வழிவதற்குள் குடித்துவிடும்.
உப்பை மட்டும் விட்டுவைக்கும்,
புருவத்தில், கழுத்து மடிப்பில்,
கறுப்புச் சட்டையின் முதுகில்
யாரோ வரைந்து பாதியில் விட்ட
தீவின் படமாக.

நான்காவதில்
ஆற்றைக் குறுக்கே கடக்கையில்
இடக்காலில் கெண்டை புரண்டது.

தண்ணீரே இல்லாத ஆற்றில்
ஒரு மீன்.
தோலுக்கடியில் துள்ளி
முழங்காலை நோக்கி எதிர்நீச்சலடித்து
அங்கேயே கல்லாகி நின்றது.
மணலில் விழுந்தேன்.
ஐயோ என்றேனா, அச்சில் ஏறாத எதையோ சொன்னேனா,
கரை மரத்துக் கொண்டைக்கிளிகள்
மொத்தமாக எழுந்து
என்னைவிட உரக்க அலறின.

டெண்டாய் மண்டியிட்டாள்.
குதிகாலை ஒரு கையில் ஏந்தி
பாதத்தை என் முகம் நோக்கித் தள்ளினாள்.
உன் மொழியில் இதற்கு என்ன பெயர் என்றாள்.
கேட்கிற நேரமா அது.
பல்லைக் கடித்தபடி சொன்னேன்: கெண்டை.
என் பெயரா?
இல்லை, எதுகை.
அது ஒரு மீன்.
காலில் மீன் வளர்க்கும் கூட்டமா நீங்கள் என்று
குலுங்கிச் சிரித்தாள்,
கை மட்டும் தளரவில்லை.

மெல்ல,
மிக மெல்ல,
மீன் நீந்திப் போயிற்று.
தன் பெயருக்கு அவள் மொழியில்
நன்றி சொல்லுங்கள் என்று பொருளாம்.
நொண்டி நொண்டி வீடு வரும் வழியில்
எதையும் வீணாக்காமல் சொல்லிக் காட்டினாள்.

கோடையில் இங்கே
குளிர்ந்த நீர்க் குழாயிலும் வெந்நீர்தான் வரும்.
உப்பும் சர்க்கரையும் கலந்து குடித்தேன்.
தூங்கி எழுந்தபோது
கெண்டைச் சதைக்குள் புளியங்கொட்டை அளவில்
ஒரு முடிச்சு.
வீக்கம் இல்லை, கன்றவில்லை, கிழியவில்லை.
கிழிந்திருந்தால் முதலில் ஐஸ் என்று
நோயாளிகளுக்குச் சொல்கிற அதே குரலில்
எனக்கும் சொல்லிக்கொண்டேன்.
பிறகு கோதுமைப் பையை
மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சுற்றவிட்டு
காலின் மேல் போட்டேன்.

வெளியே நாற்பத்து மூன்று டிகிரி.
ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து,
குளிரூட்டியை ஓடவிட்டு,
மடியளவு சூட்டைக் காசு கொடுத்துக் காய்ச்சி
காலில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
சிரிப்பு வந்தது.
முடிச்சு அவிழத் தொடங்கியது.

ஆறாம் படுக்கைப் பையனை நினைத்துக்கொண்டேன்.
லாக்லன். வயது இருபத்திரண்டு.
பண்ணையில் வேலிக்கம்பம் நடும் வேலை.
நிழலில்லாமல் ஒன்பது மணி நேரம்.
நேற்றிரவு அவன் சிறுநீர்ப் பை
பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் இருந்தது.
வெந்து சிதைந்த சதை
சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் நிறம்.
மணிக்கொரு தரம் அளந்து எழுதினேன்.
விடியும்வரை
எழுதிய எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இரவு எட்டரை. மீண்டும் வார்டு.
முதல் வேலையாக அவன் கட்டிலருகே குனிந்தேன்.
வெல்லப் பாகு நிறம்.
நேற்றைக்கு இது எவ்வளவோ தேவலை.
சலைன் சொட்டுகிறது, வேகம் சரி.

ஏன் நொண்டுகிறாய் என்றான்,
கண்ணைப் பாதி திறந்து.
மீன் பிடித்துவிட்டது என்றேன்.
எங்கே?
ஆற்றில்.

ஜன்னல் பக்கம் தலை திருப்பினான்.
இருட்டில் மணல் தெரியாது.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு,
தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டான்.