கருத்துப் படிவம்

துவாஸிலிருந்து பாய லேபார் வரை பச்சைத் தடம்.
உட்கார இடம் கிடைத்தால் ஓர் அத்தியாயம்,
கிடைக்காவிட்டால் அரை.
இந்த வயதில் என்ன படிப்பு என்றாள் அக்கா.
மனிதவளம் என்றேன்.
நிலவளம், நீர்வளம் மாதிரியா?
ஆமாம், இதையும் தோண்டித்தான் எடுக்கிறார்கள்.

இன்றைய பாடம், பயிற்சியை அளப்பது எப்படி.
நான்கு படிகள் என்கிறார் திருமதி குவெக்:
பிடித்ததா, புரிந்ததா, செய்கிறார்களா,
கம்பெனிக்கு என்ன மிச்சம்.
நூராயினி நான்கின்மேலும் மஞ்சள் பூசுகிறாள்.
எனக்கு இரண்டாம் படியில் கொட்டாவி.

நேற்று மதியம் நானும் ஒரு வகுப்பு எடுத்தேன்.
உயரத்தில் வேலை செய்யும் இருபத்து மூன்று பேருக்கு,
பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது என்று,
சாரத்தில் ஒருநாளும் ஏறாத நான்
படம் போட்டுக் காட்டினேன்.
முடிவில் படிவம்: ஐந்து முகங்கள்,
அழுமூஞ்சி முதல் சிரித்த முகம் வரை.
ஒரே பேனா வரிசை வரிசையாய்க் கைமாறியது.
எல்லா வட்டமும் சிரித்த முகத்தில்.
சராசரி நான்கு புள்ளி ஒன்பது;
மேலாளர் கட்டைவிரல் அனுப்பினார்.

'கொண்டுவந்த படிவங்களைப் பாருங்கள்,
முகங்களை விடுங்கள், அடியில் என்ன எழுதியிருக்கிறது?'

அடியில் யார் பார்த்தது?
இருபத்திரண்டு வெற்றிடம். ஒன்றில் மட்டும்
பென்சிலில், நுணுக்கி நுணுக்கி, இருதயராஜ்:

ஏசி நன்றாக இருந்தது, நன்றி மேடம்.
நீங்கள் கொக்கி மாட்டச் சொன்ன இடத்தில்
எட்டாம் நம்பர் சாரத்தில் கம்பியே இல்லை.

இது எத்தனையாவது படி?
நூராயினியின் மஞ்சள் பேனா நின்றுவிட்டது.
மணி எட்டு ஐம்பது.
இந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட்.

வருகைத் தாளில் இரண்டாம் கையெழுத்து போடாவிட்டால்
மானியம் போய்விடும்.
வெளியே வந்து, தண்ணீர்க் குழாய் ஓரம் நின்று
யார்டு சூப்பர்வைசர் தியோவுக்கு அடித்தேன்.
நான்கு மணி. ஐந்து.
எடுத்தார்.
கிரைண்டர் இரைச்சலுக்கு நடுவே
'கேட்கவில்லை, சத்தமாய்ப் பேசு' என்றார்.

சத்தமாய்ப் பேசினேன்.
வகுப்பறைக் கதவு திறந்தே கிடந்தது.