யார் கத்துகிறார்கள் என்று பார்

கீழிருந்து எண்ண வேண்டும்.
முதல் நாள் மேலிருந்து எண்ணிவிட்டேன்,
ஒரு ரேக்கின் நாற்பத்திரண்டு தட்டும் தலைகீழ்.
போகுமிவ் சிரிக்கவில்லை.
ஒட்டியதைச் சுரண்டக் கத்தியைக் கொடுத்துவிட்டு
காபி எடுக்கப் போனான்.

கெஃப்லாவிக் ஓடுதளம் தாண்டி
எரிமலைக் குழம்பு உறைந்த பாசிவெளியில்
ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம்.
வெளியே கிடக்கும் குளிரை உள்ளிழுத்து
நாளெல்லாம் ஊதிக்கொண்டிருக்கிறது.
காதில் அடைப்பான். பேச்சு பாதிக்குமேல் சைகை.

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடை. உலரவிடு.
முகப்பின் இடது காதில் வை,
கட்டைவிரலால் பத்து நொடி அழுத்து.
காற்றுத் துளையை மூடாதே.
நேரே இரும்பில் ஒட்டினால் சில்லு ஊமையாகிவிடும்,
நடுவில் நகக்கனம் நுரைப்பட்டை வேண்டும்.

ரீடரை நீட்டினால்
பக்கத்து ரேக்கும் சேர்ந்து பதில் சொல்கிறது,
வராதவனுக்காக எவனோ
'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல.
வீச்சைக் குறைத்தோம். இன்னும் குறைத்தோம்.
முத்தமிடும் தூரத்தில்தான் ஒழுங்காகப் பேசியது.

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடிறக்கும்போது
இதே வேலைதான் எனக்கு.
வட்டப் பட்டியில் கொம்பைப் பிடித்து,
தொடைகளுக்கிடையே இறுக்கி,
காதைப் புரட்டி எண் பார்த்து
அந்தந்தப் பண்ணையின் கதவுக்குள் தள்ளுவேன்.
எண்ணில்லாதது ஒன்றிரண்டு எப்போதும் வரும்.
அது ஏலத்துக்கு.

வியாழக்கிழமை,
நான்காம் வரிசை, பதினோராம் ரேக், பதினேழாம் தட்டு.
பட்டியலில் இல்லாத பெட்டி.
தூசி கம்பளிபோல் படிந்திருந்தது.
ஒரு பச்சை விளக்கு மட்டும்
விட்டுவிட்டு, அவசரமில்லாமல்.
யாருடையது? எப்போது வந்தது?
வாங்கியவன் வேலையை விட்டே போயிருப்பான்.

சல்வோரை அழைத்தோம்.
"பிடுங்குங்கள். யார் கத்துகிறார்கள் என்று பார்க்கலாம்."

பிடுங்கினேன்.
விளக்கு உடனே அணையவில்லை,
இரண்டு நொடி யோசித்தது.

ஒரு மணி நேரம். யாரும் கத்தவில்லை.
போகுமிவ் திருகுகளைக் கழற்றி
உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான்.
மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி.

மேற்கு விரிகுடாவில் ஏதோ சின்னத் துறைமுகம்.
ஆர்ந்தீஸ் என்றொரு பெண்.
கத்தவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.
ஏழு அலுவலகங்களைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.
"அலையுயரம் காட்டும் பலகை இருண்டுபோச்சு.
இரண்டு படகு வெளியே இருக்கு.
அது எங்கே இருக்குன்னு எனக்கு யாரும் சொன்னதில்லை."

திருகுகளை அவன் திருப்பிப் போடுமுன்பே
நான் கம்பியைச் செருகிவிட்டேன்.
விசிறி இருமியது. பச்சை.
மறுமுனையில் அவள் ஒரு எண் வாசித்தாள்:
"இரண்டு புள்ளி நாலு மீட்டர். வந்துடுச்சு."
நன்றி சொன்னாளா, நினைவில்லை.

துடைத்தேன். உலரவிட்டேன்.
பத்து நொடி போதும்,
விரலை எடுக்க மறந்துபோனேன்.

உரிமையாளர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.
குறிப்பு என்ற கட்டத்தில்
போகுமிவ் தன் கோணல் கையெழுத்தில் எழுதினான்:
பிடுங்குமுன் கூப்பிடு.
ஐந்தரைக்கு மேல் எடுக்கமாட்டாள்,
கயிறு பிடிக்கப் போயிருப்பாள்.