வரவில் ஒரு சாவி

சனிக்கிழமை வசூலை
எலியசரின் ரொட்டிக்கடை மேசையில் கொட்டினோம்.
மாவு ஒட்டிக்கொண்ட பெசோக்கள்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
மற்ற நேரங்களில் பெரிய கிட்டார்;
யார் காதிலும் தனியாக விழாத
அந்தக் கீழ்ச்சுரங்கள் என்னுடையவை.

முதலில் செலவு.
ஒலிபெருக்கி வாடகை, வேன், டீசல்,
மழை வருமென்று வாங்கி
வராமல் மடித்து வைத்த தார்ப்பாய்.
குன்று எரிந்த அன்றைக்கே வராதது
நமக்காகவா வரப்போகிறது என்றார் நிபால்தோ.
அக்கார்டியனைத் தோளிலிருந்து கழற்றாமலே சாய்ந்திருந்தார்.
அவர் மூச்சுவிட அதுவும் மூச்சுவிட்டது.

பிறகு வரவு.
தாள்கள், நாணயங்கள்,
கிழிக்காத ஒரு பேருந்துச் சீட்டு,
சட்டைப் பொத்தான்,
ஒரு சாவி.

தவறி விழுந்ததென்றுதான் நினைத்தோம்.
யாரோ இந்நேரம் கதவுக்கு வெளியே நின்று
பையைத் துழாவிக்கொண்டிருப்பார் என்று
அரசேலி வேனை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.
எலியசர் அதை விளக்குக்கு நேரே பிடித்தார்.
பல் பக்கம் நீலம் பாய்ந்திருந்தது.
இரும்பு எந்தச் சூட்டில் நீலமாகும் என்று
அடுப்போடு வாழ்கிறவருக்குத் தெரியும்.

அரசேலி வேன் சாவியையும் மேசையில் வைத்தாள்.
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.
ஒன்றுக்குத்தான் வேலை இருந்தது.

நோட்டில் எழுதினேன்: சாவி, ஒன்று.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
சுழியம் போடலாமா என்றேன்.
போட்டால் கூட்டுத்தொகை மாறாது என்றார் நிபால்தோ.
சொன்னதும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது.

கையில் நின்றது நாற்பத்தொரு கூரைத் தகட்டுக்கான காசு.
எரிந்த வீடுகள் எழுபத்திரண்டு.
வகுத்துப் பார்த்தேன்.
வீட்டுக்கு ஒரு குடை அளவு தேறும்,
அதுவும் சிறு குடை.

அன்றைக்கு மேடையில்
மெதுவான பாட்டாகத்தான் எடுத்திருந்தோம்.
பாதியில் ஃப்ளோரிந்தா முன்னால் வந்து கத்தினாள்:
துக்கம் எங்களிடமே இருக்கிறது,
வேன் வைத்து ஏற்றிவர வேண்டாம்;
ஆடுகிற மாதிரி ஒன்று வாசியுங்கள்.
வாசித்தோம்.
கைக்குட்டை வீசி ஆடவேண்டிய ஆட்டம்;
அவள் சாம்பல் முகமூடியைக் கழற்றி வீசினாள்.
ஆடிக்கொண்டே சொன்னாள்,
மூச்சு வாங்க, தாளத்துக்கு ஒரு சொல்லாக:
மேலே, பதினொரு, தீயணைப்புக் குழாய்,
திறந்தோம், காற்றுத்தான், வந்தது.

அதற்கு எந்தப் பாட்டில் காசு விழும்
என்று ரொட்டிக்கடையில் யாரோ கேட்டார்கள்.
நான்தான் என்று நினைக்கிறேன்.

பாண்டேரோவில் ஒரு சலங்கைத் தகடு
குளிர்காலத்திலிருந்தே இல்லை.
அந்த ஓட்டையில் அரசேலி
கம்பியை வளைத்துச் சாவியைக் கோத்தாள்.
யாரையும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை,
வல்பராய்சோ நகராட்சிப் படிக்கட்டு.
வாளி எங்கே என்று தேடிப் பார்த்த காவலர் குழம்பிப்போனார்.
வசூல் இல்லையா?
அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் வேண்டும்?
தண்ணீர் என்றாள் ஃப்ளோரிந்தா.
குழாய் நட்ட இடத்தில் தண்ணீர்.
அவர் அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டார்,
எழுத்துக்கூட்டி.

தொடங்கினோம்.
மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது.
இன்னொன்று திறந்தது, ஏனென்று தெரியவில்லை.
மற்றத் தகடுகள் ஜில் என்றன.
சாவி டக் என்றது,
கம்பி நீளமாகிவிட்டதால்
அரை மாத்திரை தாமதமாக.
முதல் சரணத்தில் எல்லோரும் அரசேலியை முறைத்தோம்.
அவள் கம்பியைச் சுருக்கவில்லை.
இரண்டாவதில் நான்
என் கீழ்ச்சுரத்தை அதற்காகக் கொஞ்சம் பிடித்து வைத்தேன்.
நிபால்தோ துருத்தியை அங்கே நிறுத்தினார்.
கிளாரினெட் நின்றது.
டக்.
பிறகு எல்லோரும்.

இப்போது அந்தப் பாட்டை
அப்படித்தான் வாசிக்கிறோம்.