விளக்குமாறு

சிவகாசி அலுவலகக் கடிதத்தில்
பதினான்கு கேள்விகள்.
பதினோராவதுதான் சனியன்:
'கசியும் ஹைட்ரஜன் பற்றிக்கொண்டால்
பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்கிறீர்கள்.
பணியாளர்கள் அதனை எவ்வாறு அறிவர் என
விளக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

சுடர் காட்டும் கருவி
சென்னைத் துறைமுகத்துச் சுங்கக் கிட்டங்கியில்
நாற்பத்தொரு நாளாகக் கிடக்கிறது.
ஒரு மண்டலத்துக்கு இன்னும் ஏழு நாள்.

நாகமலை அடிவாரம், தகரக் கொட்டகை.
ஜெய்லானி பாயின் ஷேர் ஆட்டோ
டீசல் இன்ஜினை இறக்கிய வயிற்றோடு நிற்கிறது.
சீட்டுக்கு அடியில் உருளை.
"ஆறு பேர் உக்கார்ற எடம்மா, பாத்துக்கங்க"
வாரம் ஒருமுறை போனில் சொல்வார்.
வாரம் ஒருமுறை நானும்
பாத்துக்கறேன் பாய் என்பேன்.

அதிகாரி வந்தது
அக்கினி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள், உச்சிவேளை.
சோதனைக் குழாயை ஒரு நூல் திறந்து
லைட்டரைக் காட்டினேன்.
'எரிகிறது' என்றார் பேராசிரியர் தேவசகாயம்.
அங்கே ஒன்றுமில்லை.
மெல்லிய ஒரு சீட்டிச் சத்தம்.
பின்னால் மலை கொஞ்சம் நெளிந்தது;
சித்திரை வெயிலில் அது எப்படியும் நெளியும்.

பேரியப் பச்சையும் ஸ்ட்ரான்சியச் சிவப்பும்
இருபது வருடம் பார்த்த கண்கள் அவருக்கு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
'நிறமில்லாத மத்தாப்பு' என்றார்.
நம்பவில்லை.
'எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.'

வராண்டாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள் பஞ்சவர்ணம்.
கேட்கக்கூட இல்லை,
அவள் கையிலிருந்து பிடுங்கி வந்தேன்.
ஈர்க்குக்கட்டை முன்னால் நீட்டி
பாம்பு புகுந்த வீட்டில் நடப்பதுபோல்
ஒவ்வோர் அடியாய்.
இல்லை.
இன்னும் இல்லை.
குழாய் வாய்க்கு அரைமுழம் முன்னால்
நுனி சிவந்து
குப்பென்று மஞ்சளாய்ப் பூத்தது.
அவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது,
எங்கள் முழங்கை உயரத்தில்.

அதிகாரி இரண்டடி பின்வாங்கினார்.
பிறகு ஏதோ எழுதினார்.
என்ன எழுதினாரோ, அனுமதி வந்துவிட்டது.

"பாதிய எரிச்சுட்டு மீதியத் தர்றியே தாயி.
தென்ன வெளக்கமாறு எம்பது ரூவா.
ஆபீசுல எழுதிக் கேட்டா ஆறு மாசம்."

ஆய்வேட்டின் நான்காம் அட்டவணையில்
கருவிகளுக்குக் கீழே
'தென்னை ஈர்க்கு, தொண்ணூறு செ.மீ., ஒரு கட்டு' என்று சேர்த்தேன்.
பேராசிரியர் சிவப்பு மையில் அடித்தார்,
சிரித்துக்கொண்டேதான்.

ஆடியில் பாய் வந்து ஓட்டிப் பார்த்தார்.
புகை இல்லை. சத்தமும் இல்லை;
அதுதான் அவருக்குச் சந்தேகம்,
இறங்கி இறங்கி வண்டி ஓடுதா என்று பார்த்தார்.
மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றி
துறை வாசலில் நிறுத்தியபோது
பின்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"கூட்டுன எடத்துல எவன்டா தண்ணி ஊத்துனது?"

கருகிய அந்தக் குட்டை வெளக்கமாற்றால்
விசிறி விசிறித் தள்ளினாள் பஞ்சவர்ணம்.
சொல்ல வாயெடுத்தேன்.
பாய் என்னைப் பார்த்தார்.
நான் ஈரத்தைத் தாண்டி
உள்ளே போய்விட்டேன்.