வந்தவை குறித்து, சின்னப்பாலத்திலிருந்து

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.
மூன்றாம் பாகத்தில் கோயில் படியேறும் ஜந்துவுக்கு
முதுகில் ஜிப் தெரிகிறது.
எண்பத்துநாலில் தெரியவில்லை.
அன்றைக்குப் படமே பாதிதான்,
மீதி புள்ளியும் இரைச்சலும்.

ஐஸ் கம்பெனி சவரிராயன் வீட்டு மாடியில்
என் தம்பி மிக்கேல் ஆன்டெனா கம்பியைக்
கட்டிப்பிடித்து நிற்பான்.
அக்கரைப் படம் கொண்டலில் தெளியும், கச்சானில் கலையும்.
"வந்துருச்சா?" என்பான் மேலிருந்து.
"வந்துருச்சு" என்போம் நாற்பது பேர்.
ஜந்துதான் வந்துவிட்டதென்று
செலின் பிள்ளை ஒவ்வொரு வாரமும் அழும்.

பேச்சு இங்கிலீஷ், கீழே ஓடிய எழுத்து சிங்களம்.
இரண்டும் தெரியாத எங்களுக்கு
பாசி யாவாரி முனியாண்டிதான் கதை சொன்னார்.
தொப்பிக்காரர் கலெக்டர் என்றார்.
நாற்பது வருசம் நம்பியிருந்தேன்.
போன வாரம், தடைக்காலத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்க,
மிக்கேல் மகள் ஸ்டெபி செல்லில் இறக்கித் தந்தாள்,
தமிழ் எழுத்தோடு.
ஆறு பாகமும் ஒரே ராத்திரி.
அவர் மாட்டு டாக்டர்.

கதை நடப்பது ஒரு மீன்பிடி ஊரில்.
ஆனால் ஒரு படகிலும் கொட்டலசு ஒட்டவில்லை.
கொட்டலசு ஒட்டாத படகு கடலுக்குப் போன படகில்லை.
மீனவன் பெண்சாதிக்கு இரண்டே காட்சி,
இரண்டிலும் தேயிலை ஊற்றுகிறாள்.
ஜந்துவின் கை லாரி டியூப்.

ஆனாலும் நாலாம் பாகத்தில்
ஒருத்தி முற்றம் கூட்டுகிறாள்.
அவளுக்குப் பின்னால், கிணற்று மேட்டில்,
அது வந்து உட்கார்ந்திருக்கிறது.
மியூசிக் இல்லை, பேச்சில்லை,
விளக்குமாற்றுச் சத்தம் மட்டும்.
அவள் திரும்பவில்லை. அதுவும் அசையவில்லை.
எனக்கு வயது அறுபத்தொன்று,
எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டேன்.

மற்ற இடமெல்லாம் ஒரே ஆர்ப்பாட்டம்.
வானத்தில் வெளிச்சம், சங்கு ஊதுகிறது,
ரேடியோவில் எச்சரிக்கை, பட்டாளம் இறங்குகிறது.
இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எங்கள் கடலுக்கு வந்தது
ஒரு மினி லாரியில், ஈரச் சாக்குக்குள்.
சட்டைப்பையில் பேனா குத்திய மூன்று பேர்
மூங்கில் தெப்பம் கட்டச் சொல்லித் தந்தார்கள்.
மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கி முங்கி
காது அடைத்துப்போனவர்கள் நாங்கள்.
இடுப்புத் தண்ணியில் நின்றால் போதும் என்றால் விடுவோமா?
கயிற்றில் துண்டு துண்டாய் முடிந்தோம்.
நாற்பத்தைந்து நாளில் மடியளவு வளர்ந்தது.
அதை விற்றுத்தான் என் கம்மலை மீட்டேன்,
ஸ்டெபி நர்சிங் படித்தாள்.
அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகொரு நாள் குருசடைப் பாரில்
அதே பாசி, ஆள் கட்டாமலே.
பவளத்தின் மேல் பாய் விரித்தமாதிரி கிடந்தது.
தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளை,
வெந்த எலும்பு வெள்ளை.
வனத்துறை கூலிக்குக் கூப்பிட்டது, பிடுங்க.
போனதும் நாங்களேதான்.
பிடுங்கும்போது உடையும். உடைந்த துண்டு மிதந்துபோய்
இன்னொரு பாரில் செடியாகும்.

ஐந்தாம் பாகத்தில் ராணுவக்காரன் சுடச்சுட
அது இரண்டாகி நாலாகிப் பெருகுகிறது.
எழுதியவன் எங்கள் கடலைப் பார்த்ததில்லை,
இதை மட்டும் எப்படித்தான் தெரிந்துகொண்டானோ.

கடைசிப் பாகத்தன்று அந்தக் காலத்தில் கரண்ட் போய்விட்டது.
அவை அந்த ஊரிலேயே தங்கி,
ஏலத்தில் நின்று, கடன் வாங்கி,
பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்குமென்று
நானாக ஒரு முடிவு வைத்திருந்தேன்.
இப்போது பார்த்தால், மாட்டு டாக்டர் ஏதோ மருந்து தெளிக்க
விடிவதற்குள் எல்லாம் சாகிறது. மணி அடிக்கிறது.
என் முடிவே தேவலை.

பார்க்கலாம். நாலாம் பாகத்துக்காகப் பார்க்கலாம்.

மணி நாலரை.
விரலில் பழந்துணி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.
இன்றைக்குக் கட்டுகிற வேலையா, பிடுங்குகிற வேலையா,
வருவது கம்பெனி லாரியா வனத்துறை ஜீப்பா
என்று பார்த்தால்தான் தெரியும்.