எட்டாவது இடம்

லியெபாயாவில் காற்று கதவைச் சாத்தும்.
சாவி உள்ளே, செருப்பு உள்ளே, அடுப்பில் பால் உள்ளே,
ஆள் மட்டும் படிக்கட்டில்,
கையில் கைப்பேசியோடு.
அந்த ஆளை நம்பித்தான் இரண்டு பேரும்
பிழைப்பு நடத்துகிறோம்:
பூட்டுக்காரர் குன்வால்டிஸும்,
தேடலில் அவரை மேலே ஏற்றக்
கூலி பேசிய நானும்.

பாதிக் கூலி பணம்.
மீதி, புகை போட்ட காட் மீன்.

முதல் நாள் அவர் தளத்தைத் திறந்தேன்.
திறக்கப் பதினோரு நொடி.
ஒரு பித்தளைப் பூட்டின் படம்
மேலிருந்து மெல்ல இறங்கியது,
நாடகத் திரை மாதிரி.
தொலைபேசி எண் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதியிருந்தது,
தொட்டால் அழைக்காது.
பக்கத்தின் தலைப்பு: ‘முகப்பு’.
உலகத்தில் எத்தனை கோடி முகப்பு!
“குடத்துக்குள் விளக்கு” என்றேன்.
“குடமாவது நல்ல குடம்” என்றார்.

கடைப் பலகையில் ‘குன்வால்டிஸ் மற்றும் மகன்கள்’.
மகன்கள் கிடையாது.
தொண்ணூற்றி மூன்றில் அப்படிப் போட்டால்
நம்புவார்கள் என்று யாரோ சொன்னார்களாம்.
ஆக, என் தொழில்
எனக்கு முன்பே இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறது.

முதலிடத்தில் இருப்பவனுக்குக் கடையே இல்லை.
அவன் கொடுத்த முகவரிக்கு நடந்தே போய்ப் பார்த்தேன்,
டிராம் தண்டவாளம் தாண்டி:
மூடிய பூக்கடை,
கண்ணாடியில் ‘வாடகைக்கு’ என்று வெளுத்த தாள்.
எண்ணை அழைத்தால் எந்த ஊரிலிருந்தோ ஒரு குரல்
பதினைந்து யூரோ என்று தொடங்கும்;
வாசலுக்கு வந்தபின் நூற்று எண்பது கேட்கும்.
புகார் எழுதினேன்.
பூ இல்லாத பூக்கடை இன்னும் முதலிடத்தில்.

நல்ல வார்த்தை விலைக்குக் கிடைக்கிறது,
ஐந்து நட்சத்திரத்தோடு ஒன்று இரண்டு யூரோ,
நூறு வாங்கினால் தள்ளுபடி.
வாங்கலாமா என்று கேட்டேன், மறைக்கவில்லை.
“என் பூட்டுக்கு நானே கள்ளச்சாவி போடுவதா?”
என்றார், அரத்தைக் கீழே வைக்காமல்.

சரி, படத்தைச் சுருக்கினேன்.
எண்ணுக்கு உயிர் கொடுத்தேன்.
தலைப்பில் ஊரையும் தொழிலையும் போட்டேன்.
பிறகு, மூன்று மாதமாக இந்த ஊர்
எதையெதைத் தேடியது என்ற பட்டியலை
இரும்புத்தூள் மேசையில் விரித்தேன்.

சாவி உடைந்து பாதி பூட்டுக்குள்
பூனை உள்ளே நான் வெளியே
பூட்டுக்காரர் ஞாயிறு மலிவு
கணவன் சாவியோடு போய்விட்டான் பூட்டு மாற்ற எவ்வளவு

இப்போது அரம் நின்றது.
“இதற்கு ஒரு பக்கம் போடு, சர்மீத்தே.”
“மாதம் நாலு பேர்தான் தேடுகிறார்கள்.”
“நாலு பேர்.”
“கருவி இதைப் பூச்சியம் என்றே கணக்கில் வைக்கும்.”
“கருவிக்கு வீடு இருக்கிறதா?”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும்.
முப்பத்தைந்து யூரோ. இருபது நிமிடம்.
ராத்திரியிலும் வருவேன்.
வண்டியில் பெயர் இருக்காது.
அங்கே குடியிருப்பதற்கு ஒரு தாள் காட்டுங்கள்,
வேறெதுவும் கேட்க மாட்டேன்.

இதமாக ஒரு சொல் சேர்க்கப் பார்த்தேன்.
அடிக்கச் சொன்னார்.

‘லியெபாயா பூட்டுக்காரர்’ என்று தேடினால்
இன்றைக்கும் நாங்கள் எட்டாவது.
அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முதலாவது.
பூக்கடைக்காரனுக்கு அது
காதில் விழவே இல்லை போலும்.

மார்ச்சில் நாலு பேர் வந்தார்கள்.
மூன்று பேர் அழைத்தார்கள்.
நாலாவது ஆள்
இரவு இரண்டு பத்துக்குத் திறந்து,
நாற்பது நொடி இருந்து,
எண்ணின் மேல் விரல் வைக்காமல் மூடிவிட்டார்.

திங்கள்தோறும் அறிக்கை கொண்டுபோகிறேன்.
எட்டா ஏழா என்று அவர் கேட்பதில்லை.
மீனைத் தாளில் சுற்றியபடி,
என் முகத்தைப் பார்க்காமல்,
“அந்த நாலாவது?” என்கிறார்.

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
வெளியே டிராம் திரும்புகிறது.
காற்று யார் வீட்டுக் கதவையோ
ஒருமுறை
ஆட்டிப் பார்க்கிறது.